தேய்ந்த எஞ்சினும் சிறிய முதலும்



புதிய இயந்திரம் வாங்கப் போகின்றவருக்குக் கடைக்காரர் ஒருவரே ஆலோசகர். பழைய இயந்திரம் வாங்கியவருக்கோ ஊர் முழுவதும் ஆலோசகர்கள். “ரிங்கை மாற்றினாற் சரி” என்பார் ஒருவர். “எல்லாம் காபரேற்றரின் குற்றம்” என்பார் மற்றொருவர். மூன்றாமவரோ “பழைய இரும்புக்குப் போடு” என்று ஒரே சொல்லில் வழக்கைத் தீர்த்துவிடுவார். கையிற் பணம் அதிகம் இல்லாத, இதற்கு முன்னர் ஓர் எஞ்சினையேனும் பிரித்தறியாத ஒருவர், இம்மூவரில் யார் கூறுவது மெய் என்பதை எவ்வாறு கண்டறிவது? கண்டறிந்த பின்னர் எங்கே செலவிடுவது, எங்கே கையை மடக்கிக்கொள்வது? இவையே இன்றைய பேச்சின் பொருள்.

எஞ்சின் என்று பொதுவாகக் கூறினும், நான் இங்கே கருதுவது காற்றினாற் குளிரும், ஒற்றைச் சிலிண்டருடைய, நான்கு அடிப்பு எஞ்சினையே. மேலைநாடுகளிற் பண்ணைகளிலும் பனிவெளிகளிலும் ஓடும் பருத்த சில்லு வண்டிகளைச் சிலர் படங்களிற் கண்டிருப்பீர்கள். அவ்வினத்தில் முன்னோடியாகிய மூன்று சில்லு வண்டியை ஹொண்டா நிறுவனத்தார் 1970ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு விட்டனர். குளிர்காலத்தில் மோட்டார்ச் சைக்கிள் வாங்குவார் இல்லாமையால், பனியிலும் சேற்றிலும் ஓடக்கூடிய ஒன்றை ஆக்கித் தரும்படி விற்பனையாளர் கேட்டதன் விளைவு அது. அதற்குள் இருந்ததோ 50 மில்லிமீற்றர் விட்டமும் 45.6 மில்லிமீற்றர் அடிப்பு நீளமும் கொண்ட, 89 கன சென்ரிமீற்றர்ச் சின்னஞ்சிறு எஞ்சின். நம் நாட்டில், சிறப்பாக வடபகுதியில், எம்.டி. 90 என்று யாவரும் அறிந்த மோட்டார்ச் சைக்கிளின் எஞ்சினும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததே. யப்பானிலே தபால் விநியோகத்திற்கென்று செய்யப்பட்டு, அங்கே ஓடி முடித்தபின் நம்மிடம் வந்து இரண்டாம் வாழ்க்கை வாழ்ந்த வண்டி அது. ஆகவே, பனியில் ஓடும் வண்டிக்குச் சொல்லும் வைத்தியம் நம் ஊர்ப் புழுதியில் ஓடும் வண்டிக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

இவ்வைத்தியத்திற்கு இப்போது என்ன அவசரம் என்று கேட்கலாம். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அவ்வைந்தாண்டுகளில் ஓடிய வண்டியே மேலும் ஓடவேண்டியதாயிற்று. தேய்ந்ததே மேலும் தேய்ந்தது. 2022ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் எரிபொருட் பங்கீடு வந்தபோது மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரத்திற்கு நான்கு லீற்றர் என்று விதித்தனர். அமுக்கம் குறைந்த எஞ்சினுக்கும் நான்கு லீற்றர்தான், நல்ல எஞ்சினுக்கும் நான்கு லீற்றர்தான். கடற்கரையில் விடியுமுன் மீனெடுத்து, பெட்டியைப் பின்னாற் கட்டிக்கொண்டு, வெயில் ஏறுமுன் உள்ளூர்களில் விற்றுவரும் ஒரு வியாபாரிக்கு அந்த வேறுபாடு வெறும் கணக்கன்று. வண்டி பாதி வழியில் நின்றால் அன்றைய முதலே அழுகிப்போய்விடும்.

சரி, நோயை அறிவோம். முதலிற் புகையைப் பாருங்கள். கரும்புகை பெற்றோல் மிகுதியைக் காட்டும். அதற்கு எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை, காபரேற்றரையும் காற்று வடிகட்டியையும் பார்த்தாற் போதும். நீலப் புகை ஒயில் எரிவதைக் காட்டும். அந்நீலப் புகையிலும் இருவகை உண்டு. நெடுநேரம் நின்ற வண்டியைக் கிளப்பியவுடன் ஒருமுறை குபீரென்று வந்து பின்னர் நின்றுவிடுமானால், வால்வுத் தண்டின் றப்பர் வளையம் இறுகி வெடித்திருக்கலாம். அது சிறு செலவு. ஏற்றத்தில் இழுக்கும்போது விடாமல் வருமானால், ரிங்குகளோ சிலிண்டரோ தேய்ந்திருக்கின்றன.

அடுத்து அமுக்கத்தை அளக்க வேண்டும். அதற்கான மானியை விலைக்கு வாங்கவேண்டியதில்லை. கராஜ்காரரிடம் ஒரு மாலைப்பொழுதுக்கு இரவலாகப் பெறலாம். பிளக்கைக் கழற்றி மானியைப் பொருத்தி, அக்சிலேற்றரை முழுவதும் முறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஊசி மேலும் ஏறாது நிற்கும்வரை உதைக்க வேண்டும். முறுக்கிப் பிடிக்காவிட்டால் காற்று உள்ளே போகாது. மானி பொய் சொல்லும். இவ்வினச் சிறு எஞ்சின் நல்ல நிலையிற் சதுர அங்குலத்திற்கு 150 இறாத்தலுக்குக் குறையாமற் காட்டும். உதைப்பதை இலகுவாக்குவதற்கென அமுக்கத்தைத் தானாகவே தளர்த்தும் உறுப்புச் சில எஞ்சின்களில் உண்டு. அவற்றுக்கு இக்கணக்குப் பொருந்தாது, அவற்றின் கைந்நூலையே பார்க்க வேண்டும்.

அமுக்கம் குறைந்திருப்பின், பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மீண்டும் அளப்பது வழக்கம். எண் ஏறினாற் குற்றம் ரிங்கிலே; ஏறாவிட்டாற் குற்றம் வால்விலே அல்லது தலைப்பகுதியின் கஸ்கற்றிலே. ஆயினும் எம்.டி. 90 போன்றவற்றிற் சிலிண்டர் ஏறக்குறையப் படுத்துக்கிடப்பதனால், விட்ட ஒயில் கீழ்ப்பக்கத்திலே தங்கிவிடும். மேற்பக்கத்து ரிங்கை நன்கு மூடாது. ஆகவே, படுத்த சிலிண்டரில் இச்சோதனையை அரைச்சாட்சியாக மட்டுமே கொள்ளுங்கள்.

பிரிப்பதற்கு முன்னர் இன்னொரு வேலை உண்டு. அதனைப் பெரும்பாலோர் செய்வதில்லை. பழைய ஒயிலை வடித்து, ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி, வெயிலிற் சாய்த்துப் பாருங்கள். வெள்ளி மினுக்கம்போலத் தோன்றுவது அலுமினியம். காந்தத்தில் ஒட்டும் துண்டுகள் இரும்பு. பல்சக்கரமோ குண்டுப் போதிகையோ உதிர்கின்றது என்று பொருள். அத்தகைய துண்டுகளைக் கண்டால், வேலை மேற்பாதியோடு முடியாது. எஞ்சினின் அடிப்பாகம் முழுவதையும் பிளக்க வேண்டிவரும். அப்போது ஒரு கடதாசியில் விலைகளைக் குறியுங்கள்: பிஸ்டன் தொகுதி, கஸ்கற் தொகுதி, போர் அடிக்கும் கூலி, கிராங் தண்டு, போதிகைகள். கூட்டிவரும் தொகை, ஓடும் நிலையிலுள்ள இன்னொரு பழைய எஞ்சினின் விலையை நெருங்குமானால், அன்பு வைத்த எஞ்சின் என்றாலும் அதனை விட்டுவிடுவதே நன்று. கொழும்பிலே பஞ்சிகாவத்தைக் கடைகளில் அத்தகைய எஞ்சின்கள் கிடைக்கின்றன. மேற்பாதி வேலை மட்டும் போதும் என்றால், தொடக்கக்காரர் தயங்காமல் இறங்கலாம்.

இனி, கழுவுதல். எஞ்சின் அழுக்காக இருக்கும்போது ஓர் ஆணியையும் தொடாதீர்கள். மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு, ஆணித் தலைகளின் குழிகளிலுள்ள மண் வரை நீக்குங்கள். பிரித்தபின் உள்ளே விழும் ஒரு சிட்டிகை மணல், நீங்கள் செய்யப்போகும் செலவு அனைத்தையும் சில நாட்களில் அரைத்துத் தீர்த்துவிடும்.

ஆயுதங்களைப் பற்றி ஒரு சொல். பெட்டி நிறைய ஸ்பனர்கள் வாங்கிக் குவிப்பவரைக் கண்டு நான் வியப்பதில்லை. 8, 10, 12, 14, 17 ஆகிய அளவுகளில் நல்ல ஸ்பனர்கள், அடித்துத் திருப்பும் திருப்புளி ஒன்று, காந்தச் சக்கரத்தைக் கழற்றும் இழுப்பான், முறுக்கின் அளவு காட்டும் ஸ்பனர், இடைவெளி பார்க்கும் தகடுகள் - இவை போதும். இவற்றிலும் பின் மூன்றையும் இரவல் வாங்கலாம். யப்பானிய எஞ்சின்களின் பக்கமூடி ஆணிகள் சாதாரண நட்சத்திரத் திருப்புளிக்குத் தலை சிதைந்துவிடும் இயல்புடையன. ஆதலால் அடித்துத் திருப்பும் திருப்புளியை மட்டும் சொந்தமாக வாங்கிவிடுங்கள். சிதைந்த ஆணி ஒன்றைத் துளையிட்டு எடுக்கும் கூலி அதன் விலையை விட அதிகம்.

பிரிக்கும்போது ஒவ்வொரு மூடியின் உருவத்தையும் ஒரு கடதாசி அட்டையிற் கீறி, ஆணி இருந்த இடத்திலே துளையிட்டு, அந்த ஆணியை அத்துளையிலேயே குத்திவையுங்கள். ஆணிகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் நீளத்தில் வேறுபடும். நீளமானதைக் குறுகிய துளையில் முறுக்கினால் அலுமினிய வார்ப்பு பிளந்துவிடும். மூடி வரவில்லையென்று இரு முகங்களுக்கிடையே திருப்புளியைச் செருகி நெம்பவே கூடாது. மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டினால் வரும். தட்டியும் வராவிட்டால், கழற்றாத ஆணி ஒன்று எங்கோ ஒளிந்திருக்கின்றது.

தலைப்பகுதியைக் கழற்றுமுன் காந்தச் சக்கரத்தைச் சுழற்றி, அதிலுள்ள ‘டீ’ என்னும் ஆங்கில எழுத்துக்குரிய கோட்டினைக் கூட்டிலுள்ள குறியோடு பொருத்துங்கள். அந்நிலையில் இரு வால்வுகளின் ரொக்கர் கைகளும் தளர்ந்திருந்தால், பிஸ்டன் அமுக்க அடிப்பின் உச்சியில் நிற்கின்றது. மேலே கேம் சக்கரத்தின் குறி எங்கே நிற்கின்றது என்பதைக் கைத்தொலைபேசியிற் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முற்காலத்து மெக்கானிக்குகளுக்கு இல்லாத பாக்கியம் இது.

இப்போது சிலிண்டர் உங்கள் கையில் இருக்கின்றது. இங்கேதான் சிக்கனம் என்னும் பெயரில் மிகுந்த பணம் வீணாகின்றது. தேய்ந்த சிலிண்டருக்குப் புது ரிங் மட்டும் போட்டு மூடுவதையே சொல்கின்றேன். சிலிண்டர் ஒரே சீராகத் தேய்வதில்லை. ரிங்குகள் திரும்பும் மேல்முனையில், வெப்பம் மிகுந்தும் ஒயில் குறைந்தும் இருப்பதனால், தேய்வு அதிகம். அதற்கு மேலே ரிங் தொடாத விளிம்பு பழைய அளவிலேயே நிற்கும். விரல் நகத்தால் வருடினாற் படிக்கட்டுப்போல் தட்டுப்படும். அத்துடன், பிஸ்டன் சாயும் பக்கங்களில் அதிகம் தேய்ந்து துளை நீள்வட்டமாகியிருக்கும். வட்டமான புது ரிங், நீள்வட்டத் துளையில் எவ்வாறு அமர முடியும்? சில வாரம் நன்றாக ஓடியதுபோல் தோன்றும். பின்னர் பழைய புகையே புதிய கடனுடன் வந்து சேரும்.

ஆகவே, சிலிண்டரையும் பிஸ்டனையும் எடுத்துக்கொண்டு, மைக்கிரோமீற்றர் வைத்திருக்கும் ஒரு லேத் பட்டறைக்குப் போங்கள். கண்ணாற் பார்த்தே “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லும் பட்டறையை விட்டு அடுத்த பட்டறைக்கு நடப்பது நன்று. துளையை மேல், நடு, கீழ் ஆகிய மூன்று இடங்களில், ஒவ்வோரிடத்தும் இரு திசைகளில் அளக்க வேண்டும். இவ்வளவுடைய எஞ்சினிற் பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே புதிதில் இருப்பது மில்லிமீற்றரில் நூறில் சில பங்குகளே. அது 0.10 மில்லிமீற்றரைக் கடந்தாற் போர் அடிக்கும் காலம் வந்துவிட்டது. நம் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 0.07 மில்லிமீற்றர் என்று எண்ணிப் பார்த்தால், இவ்வேலையைக் கண்பார்வைக்கு விடக்கூடாது என்பது விளங்கும்.

மிகையளவுப் பிஸ்டன்கள் 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீற்றர் என்ற படிகளில் வருகின்றன. முதலிற் பிஸ்டனை வாங்கிப் பட்டறைக்காரர் கையிற் கொடுங்கள்; அவர் அந்தப் பிஸ்டனை அளந்து, அதற்கேற்பச் சிலிண்டரைப் பெருப்பிக்கட்டும். துளையை முதலில் அடித்துவிட்டுப் பின்னர் பிஸ்டன் தேடுவது, பெண் பார்க்கும் முன்னர் மோதிரம் செய்விப்பது போன்றது. பெட்டியில் 0.50 என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே இருப்பது அவ்வளவுதானா என்பது அளந்தபின்னரே தெரியும். போலிப் பொருள்கள் மலிந்த சந்தையில் இவ்வெச்சரிக்கை மிகையன்று. போர் அடித்து முடிந்தபின், உட்சுவரிற் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கீறல்கள் தெரியும்படி கல்லாற் தேய்க்க வேண்டும். கண்ணாடிபோல் மினுங்கும் சுவர் அழகாயிருக்கும். ஆனால் ஒயிலைப் பிடித்து வைக்காது, புது ரிங்கும் அதில் படியாது.

பட்டறையிலிருந்து வந்த சிலிண்டரைப் பெற்றோலாற் துடைத்துவிட்டுப் பூட்டுவோர் உளர். பெற்றோல் எண்ணெயைக் கரைக்கும். கீறல்களுக்குள் புதைந்த கல்தூளை வெளியேற்றாது. சுடுநீரும் சவர்க்காரமும் தூரிகையும் கொண்டு, பாத்திரம் கழுவுவதுபோற் பலமுறை கழுவுங்கள். உலர்ந்ததும் ஒயில் தோய்த்த வெள்ளைத் துணியால் உட்சுவரைத் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் ஏறாமற் போகும்வரை மீண்டும் கழுவ வேண்டும். செலவில்லாத வேலை இது. எனினும், புதுப்பித்த எஞ்சின் நீடிக்குமா என்பதைத் தீர்மானிப்பதில் இதற்கு ஈடானது வேறில்லை என்பது என் துணிபு.

சிலிண்டர் வெளியே இருக்கும் வேளையில், இணைக்கும் தண்டைக் கையிற் பிடித்து நேர் மேலும் கீழுமாக இழுத்துத் தள்ளிப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது அசைவது இயல்பே. மேலும் கீழுமாக ஒரு சிறு ‘டக்’ என்ற ஆட்டமும் இருத்தல் ஆகாது. இருந்தால் மேற்பாதி வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, முன்னர் சொன்ன விலைக் கடதாசியை மீண்டும் எடுங்கள்.

வடபகுதியில் இவ்வாட்டம் அடிக்கடி காணப்பட்டமைக்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1990ஆம் ஆண்டிற் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்திலே பெற்றோல் கிடைக்கவில்லை. மக்கள் சில துளி பெற்றோலாற் கிளப்பி, மண்ணெண்ணெயால் ஓட்டினார்கள். மனித சாமர்த்தியத்தின் பெரிய சாதனை அது. பல உயிர்களை வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்த்ததும் அதுவே. ஆனால் எஞ்சின் அதற்கு விலை கொடுத்தது. மண்ணெண்ணெய் முழுவதும் ஆவியாகாது சிலிண்டர்ச் சுவரில் வழிந்து, ஒயிலைக் கழுவி, ரிங்குகளைக் கடந்து அடிக்கூட்டிற் சேர்ந்து, அங்குள்ள ஒயிலையும் தண்ணீராக்கிற்று. உரிய காலத்துக்கு முன் வெடிக்கும் தட்டுச் சத்தம் போதிகைகளை அடித்துத் தளர்த்திற்று. அக்காலத்தைக் கடந்து வந்த எஞ்சின் இன்றும் கைக்கு வருமானால், அடிப்பாகத்தை இருமடங்கு ஐயத்துடன் பாருங்கள்.

தலைப்பகுதிக்கு வருவோம். பிளக்கைப் பூட்டி, தலையைக் கவிழ்த்து, எரியறைக் குழியில் மண்ணெண்ணெய் நிரப்பிச் சில நிமிடம் விடுங்கள். வால்வு வழிகளிற் கசிவு தோன்றினால் வால்வு சரியாக அமரவில்லை. அரைக்கும் பசையை வால்வு முகத்திற் சிறிதே தடவி, இருகைகளாலும் மத்தைக் கடைவதுபோல் முன்னும் பின்னும் உருட்டித் தேய்த்தால், சாம்பல் நிறமான ஒரே சீரான வளையம் தோன்றும். அது அறாத வளையமாயிருப்பின் போதும். தேய்த்த பசையை ஒரு துகளும் மிஞ்சாமற் கழுவுங்கள். வால்வுத் தண்டு தன் குழாயிற் பக்கவாட்டில் ஆடினால், தேய்த்துப் பயனில்லை. குழாய் மாற்ற வேண்டும், அது பட்டறை வேலை. றப்பர் வளையங்களை மட்டும் கேள்வியின்றிப் புதிதாகப் போடுங்கள்.

பூட்டும்போது ரிங் ஒவ்வொன்றையும் முதலிற் தனியே சிலிண்டருக்குள் இட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, அதன் வாய் இடைவெளியைத் தகட்டால் அளவுங்கள். 50 மில்லிமீற்றர்த் துளைக்கு 0.15 முதல் 0.35 வரை இருத்தல் முறை. இடைவெளியே இல்லாவிட்டால், சூட்டில் நீளும் ரிங் முனையோடு முனை மோதி முறியும். எழுத்துப் பொறித்த பக்கம் மேலே வரவேண்டும். வாய்கள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி சுற்றிலும் பிரித்து வையுங்கள். பிஸ்டன் ஊசியைப் பிடிக்கும் சிறு கம்பி வளையத்தைப் பழையதையே போடாதீர்கள். மிக மலிந்த பொருள் அது, கழன்றாற் சிலிண்டர்ச் சுவரை உழுதுவிடும். அதனைப் போடுமுன் அடிக்கூட்டின் வாயைத் துணியால் அடையுங்கள். கையிலிருந்து துள்ளும் அவ்வளையம் நேரே குழிக்குள் பாயும் குணமுடையது.

எம்.டி. 90 போன்றவற்றில் மாற்றக்கூடிய ஒயில் வடிகட்டி இல்லை. கிளச்சின் முகத்திற் சுழலும் ஒரு கிண்ணமே கசடைப் பிடித்து வைக்கின்றது. ஆண்டுக்கணக்கிற் திறக்கப்படாத அக்கிண்ணத்தினுள் களிமண்போல் இறுகிய கறுப்புக் கசடு இருக்கும். அதனையும் அடியிலுள்ள கம்பி வலையையும் துப்புரவாக்காமற் புது பிஸ்டன் போடுவது வீண்.

தலைப்பகுதி ஆணிகளைக் குறுக்கு மறுக்காக, இரண்டு மூன்று தவணைகளில் இறுக்க வேண்டும். குறிகளை மீண்டும் பொருத்திச் சங்கிலியைப் பூட்டியபின், எஞ்சினைக் கையாலேயே இரண்டு முழுச்சுற்றுச் சுற்றுங்கள். எங்கேனும் கடினமாகத் தடுத்தால் நிறுத்துங்கள். வால்வும் பிஸ்டனும் சந்திக்கின்றன, சங்கிலி ஒரு பல் மாறியிருக்கும். தடையின்றிச் சுற்றினால், வால்வு இடைவெளியைக் குளிர்ந்த நிலையில் 0.05 மில்லிமீற்றராக வையுங்கள். பிளக்கைப் பூட்டாமற் சிறிது நேரம் உதைத்து, ஒயில் மேலே தலைவரை ஏறியதைக் கண்டுகொண்ட பின்னரே கிளப்ப வேண்டும்.

காற்று வடிகட்டி கிழிந்திருந்தாலோ, அதன் றப்பர்க் குழாய் வெடித்திருந்தாலோ, அதனை மாற்றும்வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள். பருத்த சில்லு வண்டியாயினும் நம் மணல் வீதி மோட்டார்ச் சைக்கிளாயினும், எஞ்சினைக் கொல்வது பெரும்பாலும் தூசியே.

முதல் நாட்களிற் புது ரிங் சுவரோடு படிய வேண்டும். நின்ற இடத்திலே நெடுநேரம் மெல்ல ஓடவிடுவது படிய உதவாது. சூட்டை மட்டும் ஏற்றும். மிதமான வேகத்தில், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுங்கள். ஒரே வேகத்தில் நெடுந்தூரம் வேண்டாம். முழு வேகமும் வேண்டாம். மீன்பெட்டியைப் பாதி நிரப்பினாற் போதும். முதல் ஒயிலை 100 கிலோமீற்றருக்குள் வடித்துவிடுங்கள். வெள்ளைத் தட்டில் ஊற்றினால் மெல்லிய சாம்பல் மினுக்கம் தெரியும். அது படிதலின் தேய்வு, அஞ்சவேண்டாம். 500 கிலோமீற்றரில் மீண்டும் மாற்றி, அப்போது எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலைவேளையில் வால்வு இடைவெளியையும் மறுபடி பார்த்துவிடுங்கள்.